கெயின்சு: மூலமும் உரையும்

பொருளியல் அறிஞர் ஒருவரின் வாழ்வையும் அவர் விட்டுச்சென்ற கருத்துகளையும் தமிழாராய்ச்சி இதழொன்றில் மதிப்பிடப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், அறத்திற்கும் இன்பத்திற்கும் நடுவே பொருளை நிறுத்தி எண்ணிய மரபு நம்முடையது. ஆதலின் பொருள்பற்றிய ஆராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று. அன்றியும், நூலாசிரியர் கூறியது இது, பின்வந்தோர் அவர்மேல் ஏற்றியுரைத்தது இது எனப் பிரித்தறிதல் உரைமரபில் தோய்ந்தவர்க்குக் கைவந்த பயிற்சியாகும். அப்பயிற்சி பெரிதும் வேண்டப்படும் பொருளியலாசிரியருள் முதன்மையானவர் சான் மேனார்டு கெயின்சு (1883–1946). இவர் பெயரை நம் பாடநூல்கள் 'கீன்சு' என்றே பெரும்பாலும் எழுதும். ஆங்கில ஒலிப்பிற்கு அணித்தாதல் நோக்கிக் 'கெயின்சு' என்னும் வடிவினை ஈண்டு மேற்கொள்கின்றோம்.

இவரைப்பற்றி இருவேறு கூற்றுகள் வழங்குகின்றன. முதலாளியப் பொருளாதாரத்தை அழிவினின்று காத்தவர் என்பது ஒன்று. கடன் வாங்கிச் செலவிடுமாறு அரசுகளுக்குக் கற்பித்துப் பணவீக்கத்திற்கு வழிகோலியவர் என்பது மற்றொன்று. இரண்டும் உரைகாரர் கூற்றுகளே. மூலத்தை நோக்கின் இரண்டும் முழுமையாக நிற்கமாட்டா என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் முதல் நோக்கம். இந்தியராகிய நமக்கு மூன்றாவது வினாவொன்றும் உண்டு. கெயின்சின் முதல் நூல் இந்திய நாணயத்தைப் பற்றியது. அவருடைய இறுதிப் பணிகளுள் ஒன்று, இந்தியாவுக்குப் பிரிட்டன் பட்ட கடனைப் பற்றியது. இவ்விரண்டிற்கும் இடையே அவர் நம்மை எவ்வாறு கண்டார் என்பதே அவ்வினா.

இளமையும் இந்திய அலுவலகமும்

கெயின்சு 1883 சூன் 5ஆம் நாள் கேம்பிரிட்சு நகரில் பிறந்தார். தந்தையார் சான் நெவில் கெயின்சு, பொருளியலின் எல்லையையும் ஆய்வுமுறையையும் விளக்கி 1891இல் நூல் இயற்றியவர். தாயார் புளோரன்சு ஏடா, பின்னாளில் அந்நகரின் மேயராய் விளங்கியவர். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்சின் கிங்சு கல்லூரியிலும் பயின்ற கெயின்சு, 1905இல் கணிதத் தேர்வில் பன்னிரண்டாம் இடம் பெற்றார். பொருளியலை அவர் முறையாகப் பயின்றது ஆல்பிரடு மார்சலிடம் சின்னாள் மட்டுமே. 1906இல் ஆட்சிப்பணித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்று இலண்டனிலிருந்த இந்திய அலுவலகத்தில் அமர்ந்தார். பத்து இளங்காளைகளைப் பம்பாய்க்குக் கப்பலேற்றி அனுப்புதல் ஆங்கு அவர் ஆற்றிய முதற்பணி. ஈராண்டுகள் கழியுமுன்னரே, 1908இல், அப்பணியை விட்டுக் கேம்பிரிட்சு திரும்பினார். 1911 முதல் ஏறத்தாழ முப்பத்துநான்கு ஆண்டுகள் 'எக்கனாமிக் சர்னல்' இதழின் ஆசிரியராக இருந்தார்.

இந்திய அலுவலகத்தில் கழித்த காலம் குறுகியதாயினும் அதன் பயன் சிறிதன்று. 1913இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் இந்திய நாணயத்தையும் நிதியையும் ஆராய்வது. அதன் பொருளைச் சுருங்கக் கூறுதும். 1893இல் அரசாங்கம் தங்கசாலைகளை மூடி, எவரும் வெள்ளி கொணர்ந்து உரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தியது. பின்னர் உரூபாயின் மதிப்பு 1 சில்லிங்கு 4 பென்சு என நிலைபெற்றது. 15 உரூபாய் ஒரு பவுனுக்கு ஒப்பாயிற்று. உள்நாட்டில் வெள்ளி உரூபாயும் தாளும் வழங்கின. வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் இலண்டனில் வைத்த இருப்பைக் கொண்டு அம்மதிப்பு காக்கப்பட்டது. இதனைப் பலர் குறைபாடுடைய இடைக்கால ஏற்பாடு எனக் கருதினர்; பொற்காசுகள் மக்கள் கையில் புழங்குதலே நிறைவான முறை என்றனர். கெயின்சு இதனை மறுத்தார். பொன்னைக் காசாக்கிக் கைமாறவிடுதல் வீண்செலவு எனவும், உலக நாடுகள் நாளடைவில் இந்தியாவின் முறையையே நாடிவரும் எனவும் வாதிட்டார். அவ்வாண்டே இந்திய நிதி, நாணயம் பற்றிய அரச ஆணைக்குழுவில் உறுப்பினராகி, இந்தியாவுக்கு நடுவண் வங்கியொன்று வேண்டும் என்னும் திட்டத்தை அதன் அறிக்கைக்குப் பின்னிணைப்பாகத் தந்தார். ரிசர்வு வங்கி தோன்றியது 1935இல். கருத்து முளைத்து அது கைகூடுதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின.

இந்நூலில் அவர் கூர்மை வெளிப்படை. எல்லையும் வெளிப்படை. இந்தியாவைப்பற்றி நூல் எழுதியவர் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். நாணயத்தின் இயக்கம் அவர்க்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்நாணயத்தின் இருப்பை எங்கே வைப்பது, எவர் பொருட்டு ஆள்வது என்னும் அரசியல் வினாவை அவர் எழுப்பவில்லை. தாதாபாய் நவுரோசி முதலியோர் அதற்கு முன்னரே எழுப்பிய வினா அது.

போரும் அமைதியும்

முதல் உலகப்போரின்போது, 1915இல், பிரிட்டிசுக் கருவூலத்தில் பணியேற்ற கெயின்சு, 1919இல் பாரிசு அமைதி மாநாட்டிற்கு அதன் சார்பில் சென்றார். செருமனியின்மீது சுமத்தப்படவிருந்த இழப்பீடு அந்நாட்டால் செலுத்தலாகாதது எனக் கண்டு, அவ்வாண்டு சூன் திங்களில் பதவியைத் துறந்தார். ஆண்டிறுதிக்குள் அமைதி உடன்படிக்கையின் பொருளியல் விளைவுகளைப்பற்றிய நூலை வெளியிட்டு உலகப்புகழ் பெற்றார். தோற்ற நாட்டை வறுமைக்குள்ளாக்கி வென்ற நாடுகள் வாழவியலாது என்பதும், நேசநாடுகள் தமக்குள் பட்ட போர்க்கடன்களைத் தள்ளிவிடுதல் வேண்டும் என்பதும் அந்நூலின் சாரம். செருமனியின் ஆற்றலை அவர் குறைத்து மதிப்பிட்டார் எனப் பிரெஞ்சுப் பொருளியலாளர் எத்தியேன் மாந்து பின்னர் மறுப்பு எழுதினார். அம்மறுப்பு 1946இல் வெளிவந்தது. கணக்கில் எவர் கூற்று பொருந்துமாயினும், கடன் என்பது எண் மட்டுமன்று, கொடுப்போர் வாழ்வோடு பிணைந்தது என்னும் கெயின்சின் கோட்பாடு நினைவில் இருத்தத்தக்கது. அதனை உரைகல்லாகக் கொண்டு அவரையே பின்னர் உரைத்துப் பார்ப்போம்.

1925இல் பிரிட்டன் போருக்கு முந்திய மதிப்பிலேயே பொன்னளவைக்குத் திரும்பியபோது, அதனால் ஏற்றுமதி குன்றும், கூலியைக் குறைக்க நேரும், அச்சுமை சுரங்கத் தொழிலாளர்மேல் விழும் என எச்சரித்தார். மறு ஆண்டு சுரங்கக் கூலி பற்றிய பூசலினின்று பொது வேலைநிறுத்தம் எழுந்தது. 1931இல் பிரிட்டன் பொன்னளவையைக் கைவிட்டது.

1936ஆம் ஆண்டின் நூல்

1929க்குப் பின் எழுந்த பெருமந்தத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் முப்பது இலட்சத்தை நெருங்கினர். அமெரிக்காவில், 1933இல், உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். தொழிற்சாலைகள் இருந்தன, உழைக்கக் கைகள் இருந்தன, பண்டங்களுக்கு ஏங்கும் மக்களும் இருந்தனர். இவை மூன்றும் கூடாது நின்றமைக்குக் காரணம் யாது?

முன்னையோர் கூலி உயர்வே காரணம் என்றனர். கூலி குறையின் வேலை பெருகும் என்பது அவர் முடிபு. கெயின்சு இதனை இருவகையான் மறுத்தார். ஒருவர்க்குக் கூலியாவது மற்றொருவர்க்கு விற்பனையாகும். எல்லாக் கூலியும் குறையின் எல்லா விற்பனையும் குறையும் என்பது ஒன்று. சேமிப்பு மிகின் வட்டி தாழ்ந்து முதலீடு தானே பெருகும் என்னும் கொள்கை பிழை என்பது மற்றொன்று. வட்டியைச் சேமிப்பிற்குரிய ஊதியமாக அவர் கருதவில்லை. ரொக்கத்தைக் கைவிடுதற்குரிய விலையாகவே கொண்டார். எதிர்காலத்தை அஞ்சுவோர் ரொக்கத்தைப் பற்றிக்கொள்வர். ஆண்டு வட்டி தாழாது, முதலீடு எழாது, வேலை குன்றும். நாளை நிகழ்வதை எண்ணால் அளக்கவியலாது என்னும் இக்கருத்து புதிதாகத் தோன்றியதன்று. நிகழ்தகவு பற்றி 1921இல் அவர் வெளியிட்ட நூலிலேயே அதன் வித்து உளது. கணிதம் பயின்றவராயிருந்தும், அளவைக்கு அடங்காதது உண்டு என்பதையே தம் பொருளியலின் அடித்தளமாக அமைத்தார்.

அரசு செய்யும் செலவு எவ்வாறு பெருகும் என்பதை அவர் மாணவர் இரிச்சர்டு கான் 1931இல் விளக்கியிருந்தார். சாலைப்பணிக்கு அரசு 100 உரூபாய் கூலி கொடுக்கின்றது எனக் கொள்வோம். பெற்றவர் முக்காற் பங்கைச் செலவிடின் 75 உரூபாய் கடைக்காரர்க்கு வருமானமாகும். அவர் அதில் முக்காற் பங்காகிய 56 உரூபாய் 25 காசினைச் செலவிடுவார். இவ்வாறு தொடரின் மொத்த வருமானம் 400 உரூபாயாகும். இதனைப் 'பெருக்கி' என்பர். பெருக்கி செயற்படுதற்கு நிபந்தனை ஒன்று உண்டு: பண்டங்களைக் கூடுதலாக ஆக்கும் ஆற்றல் பயனின்றிக் கிடத்தல் வேண்டும். அஃது இல்லாதவிடத்துப் பெருகுவது விலையேயாம்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று பயன்தரும். கெயின்சு கருதியது வெறும் வேட்கையை அன்று, பணத்தால் தாங்கப்பட்ட வேட்கையை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்குத் 'தேவை' என்னும் சொல்லை ஆள்கின்றன. இலங்கைத் தமிழர் 'கேள்வி' என்பர். தேவை என்பது இன்றியமையாமையையும் உணர்த்தும் சொல். பசித்தவனுக்குச் சோறு தேவை. அவன் கையில் காசில்லையேல், பொருளியலில் அவனுக்குத் 'தேவை' இல்லை! மந்தக் காலத்தில் தேவை குறைந்தது என நம் மாணவர் எழுதும்போது, மக்களின் வேட்கை குறைந்தது எனப் பொருள்படுதல் காண்க. அங்காடியில் பண்டம் கேட்டு வருதலைக் குறிக்கும் 'கேள்வி' என்னும் சொல் இம்மயக்கத்திற்கு இடந்தராது. சொல்லின் தெளிவே கருத்தின் தெளிவிற்கு வாயில் என்பதற்கு இஃது ஒரு சான்று.

உரைகளின் வேறுபாடு

இனி, உரைகாரர் ஏற்றிய பழியை நோக்குவோம். எக்காலத்தும் செலவிடுக என்றவர் கெயின்சு என்பர். 1940இல் அவர் போர்ச்செலவை ஈடுசெய்தல் பற்றி எழுதிய சிறுநூல் இதற்கு நேர்மாறானது. போர்க்காலத்தில் எல்லாக் கைகளும் வேலையில் ஈடுபடும்; அந்நிலையில் மக்கள் செலவு மிகின் விலை ஏறும்; விலையேற்றம் ஏழையின்மேல் விழும் மறைமுக வரி. ஆதலின் ஊதியத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் போருக்குப்பின் கொடுத்தல் வேண்டும் என அந்நூலில் வற்புறுத்தினார். மந்தத்தில் செலவு, நிறைவில் சிக்கனம் என்பதே மூலத்தின் முழுக்கருத்து. பின்வந்த அரசுகள் முற்பாதியைப் பாடங்கேட்டுப் பிற்பாதியை மறந்தன. 1970களில் விலையேற்றமும் வேலையின்மையும் ஒருங்கே தோன்றியபோது, 1968இலேயே மில்டன் பிரீடுமன் விடுத்த எச்சரிக்கை வலுப்பெற்றது. கெயின்சின் செல்வாக்குச் சரிந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியிலும் 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றிலும் அரசுகள் மீண்டும் அவரையே நாடின. இவ்வெழுச்சியும் வீழ்ச்சியும் உரைகளின் வரலாறு என்பதே நம் கருத்து.

ஆயினும் குறையனைத்தையும் உரைகாரர்மேல் ஏற்றி மூலத்தைக் காத்தல் நடுவுநிலையாகாது. விலையேற்றத்தை எதிர்நோக்கித் தொழிலாளர் கூலி கேட்கும் நிலை நிலையாக வேரூன்றின் என்னாகும் என்பதற்கு 1936ஆம் ஆண்டின் நூலில் போதிய விடையில்லை. செலவைக் கூட்டும் அரசு உரிய காலத்தில் அதனைக் குறைக்கும் என்பதற்கு உறுதி யாது என்னும் வினாவும் எஞ்சி நிற்கின்றது. அறிவுடையோர் கையில் ஆட்சி இருக்கும் என அவர் எளிதில் நம்பினார். மனித இன மேம்பாடு என்ற பெயரால் பிறப்புவழி ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த யூசெனிக்சு கழகத்தில் 1937 முதல் 1944 வரை அவர் இயக்குநருள் ஒருவராக இருந்தமையும் மறைக்கத்தக்கதன்று.

நம் நாட்டிற்கு இக்கொள்கை எவ்வளவில் பொருந்தும் என்பதை முதலில் நுணுகி ஆராய்ந்தவர் வி. கே. ஆர். வி. இராவ். கேம்பிரிட்சில் பயின்ற அவர் 1952இல் எழுதிய கட்டுரையில், இந்தியா போன்ற நாட்டில் பெருக்கி அவ்வாறே செயற்படாது எனக் காட்டினார். இங்கு வேலையின்மை பெரும்பாலும் குடும்ப நிலத்தில் மறைந்து கிடப்பது. பயனின்றிக் கிடக்கும் ஆலைகள் குறைவு. உணவு விளைவோ மழையை நம்பியது. ஆதலின் புதிதாகப் பாயும் பணம் விளைவைப் பெருக்குதலினும் விலையையே மிகுதியும் பெருக்கும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1956–61) 1200 கோடி உரூபாய் பற்றாக்குறை நிதியாகத் திரட்டக் கருதப்பட்டது. அக்காலத்தில் விலைகள் ஏறின. ஒரு நிலத்தின் மருந்தை மற்றொரு நிலத்தின் நோய்க்கு ஆராயாது கொடுத்தல் தகாது என்னும் இராவ் அவர்களின் எச்சரிக்கை, கெயின்சை மறுத்ததன்று. அவருடைய நிபந்தனையை நினைவூட்டியதேயாகும்.

இந்தியாவின் கடன்

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் இந்தியாவினின்று படைகளுக்கென எடுக்கப்பட்ட பண்டங்களுக்கும் பணிகளுக்கும் பிரிட்டன் தரவேண்டிய தொகை இலண்டனில் இசுடெர்லிங் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அவ்வரவை ஈடாகக் கொண்டு இங்கே உரூபாய்த் தாள்கள் அச்சிடப்பட்டன. பண்டம் வெளியேறிற்று, தாள் பெருகிற்று, போர் முடியுமுன் விலைகள் இருமடங்கிற்கு மேல் ஏறின. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்சத்திற்குக் காரணங்கள் பல. விலையேற்றம் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. போர்முடிவில் பிரிட்டன் இந்தியாவுக்குப் பட்ட கடன் ஏறத்தாழ 130 கோடி பவுன்.

1944 சூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்சில் 44 நாடுகளின் மாநாடு கூடிற்று. பன்னாட்டு நிதியத்திற்கும் உலக வங்கிக்கும் அடிகோலிய அம்மாநாட்டில் பிரிட்டிசுக் குழுவின் தலைவர் கெயின்சு. பற்றுள்ள நாட்டைப் போலவே மிகுவரவுடைய நாடும் சமன்செய்யக் கடமைப்பட்டது என்னும் கொள்கையின்மேல், 'பாங்கோர்' என்னும் பன்னாட்டு நாணயத்தை அவர் முன்னர் வகுத்திருந்தார். அத்திட்டம் அமெரிக்கரின் வலிமைமுன் நிற்கவில்லை. இந்தியக் குழுவில் சி. டி. தேசுமுக், ஏ. டி. சிராப் ஆகியோருடன் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான இவரே சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்திற்கு உரை கண்டவர் என்பது தமிழுலகம் அறிந்தது. இலண்டனில் முடங்கிய இந்திய வரவின் ஒரு பகுதியையேனும் பிற நாட்டு நாணயமாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் வழிசெய்தல் வேண்டும் என இந்தியக் குழு கேட்டது. கெயின்சு இசையவில்லை; அது பிரிட்டனும் கடன்கொடுத்த நாடுகளும் தமக்குள் தீர்த்துக்கொள்ளற்குரியது என்றார். மறு ஆண்டு, அமெரிக்காவிடம் கடன் கேட்கச் சென்ற காலத்தில், இவ்வரவுகளின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்விக்கவும் அவர் கருதினார்.

போர்க்கடன் நாடுகளை நெரித்தல் ஆகாது என்று 1919இல் கூறியவர் 1945இலும் அதனையே கூறினார். ஆதலின் அவர் முரண்படவில்லை எனலாம். பிரிட்டனின் கருவூலம் வறண்டிருந்தது என்பதும் உண்மை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. 1919இல் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியது செல்வர் செல்வர்க்குக் கொடுத்த கடன். 1945இல் அவர் குறைக்க நினைத்தது வறியோர் உணவிலும் உடையிலும் குறைத்துக் கொடுத்த கடன். விலையேற்றத்தால் போர்ச்செலவை ஈடுசெய்தல் ஏழைக்கு இழைக்கும் அநீதி எனத் தம் நாட்டார்க்கு 1940இல் விளக்கியவரும் அவரே. அவ்வநீதி தம் நாட்டிற் பெரிதும் தடுக்கப்பட்டு, இந்தியாவில் முழுவளவில் நிகழ்ந்தது. இந்திய நிதியை நேரே ஆண்டவர் அவரல்லர் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்; எனினும், தம் கோட்பாட்டின் ஒளி அவ்விருளின்மேல் விழுமாறு அவர் திருப்பவில்லை என்பதே நம் முடிபு. தள்ளுபடி பெருமளவில் நிகழவில்லை. விடுதலைக்குப்பின் ஓய்வூதியங்களுக்கும் படைக்கலன்களுக்கும் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. எஞ்சிய வரவு இறக்குமதிகளுக்கும் திட்டப் பணிகளுக்கும் உதவிற்று.

முடிவுரை

கெயின்சு 1946 ஏப்பிரல் 21ஆம் நாள் சசெக்சுப் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் இதயநோயால் மறைந்தார். 1936இல் ஏலத்திற்கு வந்த நியூட்டனின் கையெழுத்துப் படிகள் பலவற்றைச் சிதறாது வாங்கிக் கிங்சு கல்லூரிக்கு வைத்துச் சென்றவர் அவர் என்பதைச் சுவடிகளின் அருமை அறிந்த நாம் நன்றியுடன் நினைத்தல் தகும். நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் இன்றைய முறைக்கும் அவர் ஊக்கமே பெருந்துணையாயிற்று.

வேலையின்மை உழைப்பவனின் குற்றமன்று, அமைப்பின் குறை என்று நிறுவியமை அவருடைய நிலைத்த கொடை. அக்கொடையை ஏற்கும் நாம், அவர் கண் செல்லாத இடங்களையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவருடைய எழுத்துகள் 1971 முதல் 1989 வரை முப்பது தொகுதிகளாக வெளிவந்துள்ளன. இந்தியாவைப்பற்றிய குறிப்புகளும் அவற்றுள் உள. மூலத்தை ஓதாது உரையை மட்டும் பற்றிப் புகழ்தலும் இகழ்தலும் நம் மரபிற்கு ஏலா. தமிழ்ச் சொற்றெளிவும் உரைமரபின் நடுவுநிலையும் கைவரப்பெற்ற இளம் ஆய்வாளர் இத்துறையிற் புகின், பொருளியலுக்கும் தமிழுக்கும் ஒருங்கே பயன் விளையும்.